பாராமகாலிலிருந்து கடற்கரை வரை: பத்தொன்பதாம் நூற்றாண்டின் எல்லை வணிகத்தைத் தேடி எழுதும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊர் வரலாறு எழுத முனைபவர்கள் பெரும்பாலும் நடுகற்களில் தொடங்கி, அதியமானைப் பாடி, மலைக்கோட்டைகளைச் சுற்றிவந்து, திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின் வந்த நூறு ஆண்டுகள் நம் ஊர் வரலாறுகளில் ஓரிரு பத்திகளாகச் சுருங்கிவிடுகின்றன. அந்த நூறு ஆண்டுகளில்தான் இந்த மண் மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவில் எல்லை நாடாக நின்றது. மேட்டுநிலத்துப் பாக்கும் மிளகும் சந்தனமும் கீழே கடலை நோக்கி இறங்கின. கடற்கரை உப்பும் கப்பலில் வந்த சரக்கும் கணவாய் ஏறின. இந்தப் போக்குவரத்தை ஆராய்ந்து எழுத விரும்பும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

நான் வலியுறுத்த விரும்பும் வழிமுறை ஒன்றுதான். சரக்கு எங்கெல்லாம் தடுத்து நிறுத்தப்பட்டதோ, அந்த இடங்களைத் தேடுங்கள். தடையின்றிப் போன வண்டியைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. சுங்கச் சாவடியில் நிறுத்தப்பட்ட வண்டியைப் பற்றித்தான் இன்ன சரக்கு, இத்தனை பொதி, இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு, இவ்வளவு வரி என்று எழுதினார்கள். அரசியலும் வணிகமும் ஒரே தாளில் சந்திப்பது அங்கேதான். வரி ஏன் ஏறியது, ஏன் நீக்கப்பட்டது, சாவடி ஏன் இடம் மாறியது என்ற கேள்விகளைப் பின்தொடர்ந்தால், அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கைகள் தாமாகவே உங்கள் கட்டுரைக்குள் வந்து சேரும்.

எல்லைகளை முதலில் வரைந்துகொள்ளுங்கள்

எந்த ஆவணத்தையும் திறப்பதற்கு முன்பு, கிழக்கே கடலும் மேற்கே மைசூர் மேட்டுநிலமும் இருக்குமாறு நான்கு எளிய படங்கள் வரைந்து, 1792, 1799, 1844, 1881 என்று ஆண்டைத் தலைப்பிட்டு வையுங்கள். 1792 மார்ச் மாதம் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரியை ஒட்டிய பகுதி) சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அடங்கிய மலைமேல் பகுதி, அதாவது பாலாகாட், அப்போது மைசூரிடமே இருந்தது. 1799-க்குப் பிறகே அது சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஆகவே அந்த ஏழு ஆண்டுகளுக்குக் கிருஷ்ணகிரி கம்பெனியின் கீழும், மலையேறினால் வரும் ஓசூர் திப்புவின் கீழும் இருந்தன. இராயக்கோட்டைக் கணவாயை இந்த ஏழாண்டுப் பின்னணியில் பார்க்கவில்லை என்றால், அக்காலத்து அறிக்கைகளில் அந்த ஊரின் பெயர் ஏன் அத்தனை முறை வருகிறது என்பது புரியாது.

1799-இல் மைசூர் மறுபடியும் உடையார் மரபிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகனை (அக்காலத்துச் சென்னைப் பொன் நாணயம்) கம்பெனிக்குக் கப்பமாகச் செலுத்த வேண்டும் என்று உடன்படிக்கை செய்யப்பட்டது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்ற கணக்கில் அது இருபத்து நாலரை லட்சம் ரூபாய். மைசூரின் வரி விதிப்பைப் பற்றி எழுதுபவர்கள் இந்தத் தொகையைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மேட்டுநிலத்து உழவரும் வணிகரும் கொடுத்த வரியில் ஒரு பெரும் பங்கு ஒவ்வோர் ஆண்டும் எல்லை தாண்டிச் சென்றது. 1831-இல் மைசூரின் நிர்வாகத்தை ஆங்கிலேயர் தாமே எடுத்துக்கொண்டார்கள். 1881 மார்ச்சில் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் எல்லைக் கோடு படத்தில் அப்படியே இருந்தாலும், அதன் இருபுறமும் ஆண்டவர்கள் ஒருவரே என்பதால் அந்தக் கோட்டின் கடுமை குறைந்தது. மார்க் கப்பன் மைசூரின் ஆணையராக இருந்த 1834 முதல் 1861 வரையிலான காலத்தில் அங்கிருந்த பலவகைச் சில்லறை வரிகளும் வழிச் சுங்கங்களும் படிப்படியாக நீக்கப்பட்டன.

கடற்கரையின் படத்தையும் அதே கவனத்தோடு வரையுங்கள். நம்மில் பலர் சோழமண்டலக் கரை முழுவதும் ஆங்கிலேயருடையது என்ற நினைப்பிலேயே எழுதுகிறோம். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் 1820-களின் நடுப்பகுதி வரை டச்சுக்காரர்களுடையவை. தரங்கம்பாடியை டேனிஷ் அரசு 1845-இல்தான் ஆங்கிலேயருக்கு விற்றது. நெப்போலியப் போர்கள் முடிந்தபின் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பெற்ற புதுச்சேரியும் காரைக்காலும் நூற்றாண்டு முழுவதும் அவர்களிடமே இருந்தன. அதிலும் புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், ஆங்கிலேயர் ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வண்டி கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகக் கடலுக்கு இறங்கினால், அதன் பயணத்தின் தொடக்கத்தில் மைசூர் எல்லையும் முடிவில் பிரெஞ்சு எல்லையும் இருந்தன.

ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாச் சரக்குகளையும் ஒன்றாக எழுத முயன்றால் கட்டுரை பட்டியலாகிவிடும். ஒன்றை எடுத்து அதன் முழு வழியையும் தொடருங்கள். புளி, எள், ஆமணக்கு, தோல், இரும்பு என்று எதையும் எடுக்கலாம்; சேலத்து இரும்புக் கனிமம் 1830-இல் தொடங்கிய பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சென்ற கதை தனி நூலுக்கே உரியது. முதல்முறை எழுதுபவர்களுக்கு நான் உப்பைத்தான் பரிந்துரைப்பேன். உப்பு ஏழை வீட்டிலும் பணக்காரர் வீட்டிலும் புழங்கியது. அதன் விலையை அரசே நிர்ணயித்தது. அதற்காக அரசுகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன. எனவே ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை.

உப்பின் வழியே போனால் என்ன கிடைக்கும் என்பதைச் சற்று விரிவாகவே காட்டுகிறேன். 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆயிற்று. உப்பளக்காரர் தாம் விளைவித்த உப்பு முழுவதையும் அரசுக்கே கொடுக்க வேண்டும். அரசு தான் வைத்த விலைக்கு வணிகருக்கு விற்கும். விலை தொடக்கத்தில் கரிசைக்கு (ஏறத்தாழ நாலரை டன் கொண்ட அளவை) 70 ரூபாய். பின்னர் அது 105 ரூபாய் வரை உயர்ந்தது. அரசு இப்படி விலை வைத்துக்கொண்டிருக்கையில், பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் உப்பளங்களிலிருந்து மலிவாக விற்றால் தனியுரிமை நிலைக்காது. ஆகவே 1815 மார்ச் 7-ஆம் நாள் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் அவர்களுடைய உள்ளூர்த் தேவைக்குப் போக மீதியை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு வந்தது. இந்த ஏற்பாட்டுக்காக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் (அக்கால வங்காள ரூபாய்) பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1818-இல், பிரெஞ்சு உப்பளங்களையே நிறுத்திவைக்க ஏற்பாடாகி, அளத்து உரிமையாளர்களுக்கு ஆண்டுதோறும் 4,000 வராகன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. பாலக்கோட்டுச் சந்தையில் ஒரு படி உப்பு வாங்கிய பெண் கொடுத்த காசுக்குப் பின்னால் லண்டனிலும் பாரிசிலும் பேசி முடித்த ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்தத் தொடர்பை ஆதாரத்தோடு எழுதிக் காட்டுவதுதான் நம் வேலை.

அடுத்ததாக 1844-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். என் கருத்தில், இந்த ஆய்வின் நடுத்தூண் அதுதான். அதுவரை சென்னை மாகாணத்துக்குள்ளேயே சரக்குகள் ஊர்விட்டு ஊர் போகும்போது சாயர் எனப்பட்ட உள்நாட்டுச் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் இந்தச் சுங்கத்தை நீக்கியது. நீக்கியதால் ஏற்படும் வருவாய் இழப்பை ஈடுகட்ட, அதே சட்டம் உப்பின் விலையைக் கரிசைக்கு 180 ரூபாயாக உயர்த்தியது. பிறகு விரைவிலேயே அது 120 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதே சட்டத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. கடற்கரையில் உள்ள அயல் ஐரோப்பியக் குடியேற்றங்களுக்குள் நிலவழியாகப் போகும், அங்கிருந்து வரும் சரக்குகள் மீது சுங்கம் விதிக்க அது வகை செய்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மலையடிவாரத்திலும் ஊர்வழிகளிலும் நின்ற சாவடிகள் எழுந்துபோயின. புதுச்சேரியையும் காரைக்காலையும் சுற்றிச் சுங்கக்கோடு இறுகியது. ஊர்வழியில் சரக்கு கொண்டுசென்ற வணிகர் கட்டிவந்த வரியின் சுமை உப்பு வாங்கும் எல்லோர் மீதும் பரவியது. எல்லை வணிகம் என்ற பொருளில் எழுதப்படும் பல கட்டுரைகள் சுங்க நீக்கத்தை வணிகருக்குக் கிடைத்த நன்மையாக மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகின்றன. சுமை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எழுதாத கட்டுரை பாதி உண்மையையே சொல்கிறது.

அளவைகளையும் ஆண்டுகளையும் கையாளுதல்

ஆவணங்களைத் தொடுபவர்கள் முதலில் தடுமாறுவது அளவைகளில்தான். மணங்கு என்ற சொல்லைப் பார்த்தவுடன் கணக்குப் போடாதீர்கள். சென்னை மணங்கு 25 பவுண்டு எடை. உப்புக் கணக்கிலும் பிற்கால அரசு அறிக்கைகளிலும் வரும் இந்திய மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று அதிகம், அதாவது ஏறக்குறைய 37.3 கிலோ. இரண்டும் ஒரே நூலின் வெவ்வேறு பக்கங்களில் வரக்கூடும். உப்புக் கணக்கில் ஒரு கரிசை என்பது 120 இந்திய மணங்கு, ஏறத்தாழ நாலரை டன்.

இதை வைத்து மேலே சொன்ன விலைகளை நாமே மாற்றிப் பார்க்கலாம். கரிசைக்கு 105 ரூபாய் என்றால் மணங்குக்கு 14 அணா. 180 என்றால் ஒன்றரை ரூபாய். 120 என்றால் சரியாக ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி என்ற பழைய கணக்கில், 14 அணா விலையில் ஒரு கிலோ உப்பு ஏறக்குறைய நாலரைத் தம்பிடி; ஒரு ரூபாய் விலையில் ஐந்து தம்பிடிக்குச் சற்று மேல். 1870-களின் இறுதியில், பெரும் பஞ்சத்தின் நிழல் விலகும் முன்பே, உப்பு வரி மட்டும் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது கிலோவுக்கு ஏறத்தாழ 13 தம்பிடி, அதாவது ஓர் அணாவுக்கும் மேல். இவை கடற்கரைப் பண்டகசாலையில் கணக்கிடப்பட்டவை. கிருஷ்ணகிரி விலையைக் காண வண்டிக் கூலியையும் வணிகர் ஆதாயத்தையும் சேர்க்க வேண்டும். புதுச்சேரிக் கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வழி. பாரமேற்றிய மாட்டு வண்டி நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நாளுக்குக் குறையாது. அந்தந்த ஆண்டின் கூலி விகிதம் மாவட்ட அறிக்கையில் கிடைத்தால் மட்டுமே விலையை முடித்துக் கூறுங்கள். கிடைக்காவிட்டால் கடற்கரை விலையோடு நிறுத்துவதே நேர்மை.

நாணயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 1818 வரை சென்னைக் கணக்குகள் நட்சத்திர வராகனில் உள்ளன. பின்பு ரூபாய்க்கு மாறின. மைசூர்க் கணக்குகளில் வரும் கண்டீரவ வராகன் வேறு நாணயம். அதன் மதிப்பு நட்சத்திர வராகனைவிடக் குறைவு. எல்லையின் இருபுறத்து வரிகளை ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், மைசூர் வரி உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலாகத் தோன்றும்.

ஆண்டுகளுக்கு, வருவாய்க் கணக்குகளில் வழங்கிய பசலி ஆண்டுக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூலைக்கு முன் முடியும். பசலி 1254 என்பது 1844-45. சுங்க நீக்கத்தின் விளைவைக் காண விரும்பினால், பசலி 1252 முதல் 1257 வரையிலான கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

ஆவணங்கள் எங்கே, எந்தப் பெயரில்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-இல் உருவானது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9-இல் அதிலிருந்து பிரிந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களின் பொருளடக்கத்தில் இவ்விரண்டு பெயர்களையும் மாவட்டங்களாகத் தேடிப் பயனில்லை. சேலம் மாவட்டம் என்ற தலைப்பின் கீழ்தான் தேட வேண்டும். திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கிருஷ்ணகிரி ‘கிஸ்ட்னகெரி’ என்பது போலவும், ஓசூர் ‘ஊசூர்’ என்பது போலவும் எழுதப்பட்டிருக்கும்; இணையத்தில் தேடும்போது இந்த வடிவங்களையும் முயன்று பாருங்கள்.

முதலில் படிக்க வேண்டியவை அச்சான நூல்கள். 1792-இல் பாராமகாலின் நிர்வாகத்தை ஏற்ற கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தருமபுரிப் பகுதியைக் கவனித்த தாமஸ் மன்றோவும் மற்ற உதவியாளர்களும் எழுதிய அறிக்கைகள் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் பிற்காலத்தில் சென்னை அரசால் பகுதி பகுதியாக அச்சிடப்பட்டன. விளைபொருள்கள் பற்றியும் வரிகள் பற்றியும் அவற்றில் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. 1800-1801-இல் சென்னையிலிருந்து மைசூர் வழியாக மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனின் நாட்குறிப்பு, சந்தைச் சரக்குகளையும் பொதிமாடுகளையும் நேரில் கேட்டறிந்து எழுதியது. 1883-இல் லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும் 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் விவரச்சுவடியும் சாலை, கணவாய், சந்தை ஆகியவற்றுக்கு இன்றியமையாதவை. இவற்றில் பல இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் இவற்றை எழுதியவர்கள் ஆட்சியாளர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சாயர் வரியை மைசூர் வாங்கினால் அதைக் கொடுமை என்றும், கம்பெனி வாங்கினால் வருவாய் என்றும் எழுதும் பழக்கம் அக்காலத்து அறிக்கைகளில் உண்டு.

அச்சு நூல்களில் ஒரு கேள்வி தெளிவாக உருவான பிறகே எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். அங்கே வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகளும் சேலம் மாவட்டப் பதிவேடுகளும் உள்ளன. ஆண்டுவாரிப் பொருளடக்கத் தொகுதியில் சுங்கம், சாயர், உப்பு, மைசூர் எல்லை, பிரெஞ்சுக் குடியேற்றம் ஆகிய தலைப்புகளைத் தனித்தனியே பார்த்து, எண்களைக் குறித்துக்கொண்டபின் தொகுதியைக் கேளுங்கள். அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் தேவைப்படும் என்பதால் புறப்படும் முன்பே நடைமுறையை விசாரித்துக்கொள்வது நல்லது. மைசூர்ப் பக்கத்தை அறியப் பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்துக்குப் புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. மூன்று பக்கத்தையும் பார்க்க இயலாதவர்கள் இரண்டையாவது பார்க்க வேண்டும். எல்லையின் ஒரு கரையிலிருந்து மட்டும் எழுதிய எல்லை வரலாறு, எதிர்க்கரையைக் கள்ளக்கடத்தல் நடக்கும் இடமாகவே காட்டும்.

இங்கே நம் மாவட்டத்தவர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டிலும் கடையிலும் இயல்பாகப் புழங்குகின்றன. மைசூர் ஆவணங்கள் கன்னடத்தில் உள்ளவை. அக்கால வருவாய்க் கணக்குகளில் மராத்தியும் பரவலாக இருந்தது. சென்னையிலிருந்து வரும் ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரைத் தேடும் இடத்தில், கெலமங்கலத்து மாணவர் ஒருவர் நேராக உட்கார்ந்து படிக்க முடியும். இந்தத் திறமையை நம் கல்லூரிகள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வழியில் இறங்கிப் பார்த்தல்

காகிதத்தில் கண்டதைத் தரையில் சரிபார்க்க, பழைய வழிகளில் ஒன்றையாவது மெதுவாகக் கடந்து பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பெருமளவு பழைய செங்கம் கணவாய் வழியையே பின்பற்றுகிறது. காவேரிப்பட்டணம், பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் என மேலேறும் வழி இன்னொன்று. தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கு இறங்குவது மூன்றாவது. பேருந்தில் போனால் எதுவும் தெரியாது. இருசக்கர வண்டியில் போய், ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இறங்கி நில்லுங்கள். மாடுகளுக்கு ஓய்வும் தண்ணீரும் வேண்டியிருந்த இடங்கள் அவை. குளமோ கிணறோ, சத்திரமோ, சாவடி என்று முடியும் ஊர்ப்பெயரோ, சந்தைத் திடலோ அங்கே இருக்க வாய்ப்பு மிகுதி.

குறிப்பாகச் சுமைதாங்கிக் கற்களைத் தேடுங்கள். இரண்டு செங்குத்துக் கற்களின் மேல் ஒரு நீண்ட பலகைக்கல் கிடத்தப்பட்டிருக்கும். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை அதன்மேல் சாய்த்து இறக்கவும், பின்பு மீண்டும் தலைக்கு ஏற்றவும் ஏற்ற உயரத்தில் நிற்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக வீட்டார் இவற்றை நட்டுவைத்தனர். இன்று புதருக்குள் நிற்கும் சுமைதாங்கி, வண்டிச்சாலைக்கு முன்பு கால்நடையாகச் சென்றவர்களின் வழி அதுதான் என்பதற்குச் சான்று. அதன் விளிம்பில் எழுத்து இருந்தால், சுண்ணாம்போ எண்ணெயோ பூசாமல், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுங்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தெரியாத எழுத்து அப்போது எழுந்து தெரியும். ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். ‘குரோதி’ என்றிருந்தால் அது 1784-85 ஆகவும், 1844-45 ஆகவும், 1904-05 ஆகவும் இருக்கலாம். சாலிவாகன சகாப்த எண்ணும் உடனிருந்தால், அதனோடு 78-ஐக் கூட்டி எந்தக் குரோதி என்று முடிவுசெய்யலாம்.

பழைய வழிகள் ஏன் ஓய்ந்தன என்பதற்கு இரயில் பாதையைப் பாருங்கள். சென்னையிலிருந்து 1856-இல் ஆற்காட்டுப் பகுதி வரை வந்த இரயில், 1862-க்குள் மேற்குக் கரையை எட்டியது; 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதை குப்பம் வழியாக மேட்டுநிலம் ஏறியதால் கிருஷ்ணகிரியும் இராயக்கோட்டையும் ஓசூரும் ஓரமாக விடப்பட்டன. மைசூருக்கும் சென்னைக்கும் நடுவில் பெரும் சந்தையாக விளங்கிய வாலாஜாப்பேட்டை இரயில் வந்தபின் தளர்ந்தது நன்கு பதிவான செய்தி. நம் பக்கத்துச் சந்தை ஊர்களில் எவை தளர்ந்தன, எவை மாற்று வழி கண்டன என்பதை இதே முறையில் யாராவது எழுத வேண்டும். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் போடப்பட்ட குறுகிய இரயில் பாதைகள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வந்தவை. அவையும் பிற்காலத்தில் மூடப்பட்டன.

பெரியவர்களிடம் கேட்டல்

வாய்மொழிச் செய்திகள் 1844-ஐ எட்டாது. ஆயினும் குறுகிய இரயில், உப்பு வண்டி, பொதிமாடு ஆகியவற்றைப் பற்றித் தம் தாத்தா பாட்டி சொன்னதை நினைவில் வைத்திருப்போர் போச்சம்பள்ளியிலும் குந்தாரப்பள்ளியிலும் காவேரிப்பட்டணத்திலும் இன்னும் இருக்கிறார்கள். சந்தை நாளில் போனால் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது. போச்சம்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமையையும் குந்தாரப்பள்ளிக்கு வெள்ளிக்கிழமையையும் தவிர்த்து வேறு நாளில் போங்கள். ‘எல்லை வணிகம் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பதில் வராது. “ஐயா, உங்க தாத்தா காலத்துல உப்பு எந்த ஊர்ல இருந்துங்க வரும்? வண்டியிலயா, பொதிமாட்டுலயா? வர்ற வண்டி திரும்பிப் போறப்ப என்னங்க ஏத்திட்டுப் போகும்?” என்று பொருளை வைத்துக் கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். வெறும் வண்டி ஓட்டி எந்த வணிகரும் பிழைக்க முடியாது. உப்பு கொண்டுவந்த வண்டி எதை ஏற்றித் திரும்பியது என்பதில்தான் நம் ஊர் கடற்கரைக்கு எதைக் கொடுத்தது என்பது வெளிப்படும். பேச்சைப் பதிவு செய்யும் முன் இசைவு கேளுங்கள். சொன்னவர் வயதையும் பேசிய நாளையும் குறித்துவையுங்கள். ஆவணத்தோடு முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.

எழுதும்போது

கட்டுரையை ஆண்டு வரிசையில் தொடங்காமல், சாவடி வரிசையில் எழுதிப் பாருங்கள். உப்பு கடற்கரைப் பண்டகசாலையை விட்டுக் கிளம்பும் இடத்தில் தொடங்கி, அது நின்ற ஒவ்வோர் இடத்திலும் நீங்களும் நின்று, அங்கே யார் எதற்காக என்ன வாங்கினார், அந்த உரிமை அவருக்கு எந்த உடன்படிக்கையால் வந்தது என்று கூறிக்கொண்டே மேட்டுநிலம் வரை ஏறுங்கள். பிறகு அதே வழியில் பாக்கையோ புளியையோ கொண்டு இறங்குங்கள். வாசகர் வரைபடத்தை மனத்தில் வைத்துப் படிக்க இது உதவும். 1815, 1844 போன்ற ஆண்டுகளும் உரிய சாவடியில் தாமே வந்து நிற்கும். மைசூர் மேட்டுநிலத்தில் உப்பு மண்ணைக் காய்ச்சி உள்ளூரிலேயே உப்பு எடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்; கடலுப்பு மலையேறி எந்த அளவுக்கு விற்றது என்பது அவர்களுடைய விலையையும் பொறுத்திருந்தது.

கடற்கரை முனையில் இன்னும் ஒரு படி மேலே செல்ல விரும்புவோர் புதுச்சேரியின் ஏற்றுமதியைக் கவனிக்கலாம். அங்கே நீலச்சாயம் தோய்த்த ‘கினே’ என்னும் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு ஊர்களில் விளைந்த நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இரயில் வந்தபின் ஆங்கிலேயர் மண்ணின் விளைச்சல் பிரெஞ்சுத் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று. ஊத்தங்கரைப் பக்கத்து எண்ணெய் வித்துகள் இந்த ஓட்டத்தில் சேர்ந்தனவா என்பதற்கு நிலையவாரிச் சரக்குக் கணக்கையும் சேலம் மாவட்டச் சாகுபடிக் கணக்கையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முடித்த கட்டுரையின் படியொன்றை மாவட்ட மைய நூலகத்திலும், இன்னொன்றைக் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் கொடுத்து வையுங்கள். எடுத்த படங்களுக்கு ஊர், சாலை, கல் நிற்கும் திசை ஆகியவற்றை எழுதி உடன் சேருங்கள். சாலை அகலப்படுத்தும் பணியில் பெயர்த்தெடுக்கப்பட்ட சுமைதாங்கி முன்பு எங்கே நின்றது என்று பின்னால் வருபவர் அறிய வேறு வழி இருக்காது.